மரக் கோப்பையின் அழகு நிறத்திலா, இழையிலா?

ஈட்டி, கருங்காலி, தேக்கு, வேங்கை என்று வயிரம் பாய்ந்த மரங்களில் கடைந்த தம்ளர்களும் கோப்பைகளும் இன்று கைவினைக் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. வாங்குபவர் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். விற்பவரும் நிறத்தையே முன்னே வைக்கிறார். மரத்தில் குடித்துப் பழகிய சமூகங்களின் வரலாறோ வேறொன்றைச் சொல்கிறது. அன்றாடக் குடிகலத்துக்கு அவர்கள் எடுத்தவை பெரும்பாலும் வெளிறிய, மணமில்லாத, நிறத்துக்காக யாரும் விலை பேசாத மரங்கள். ஆழ்ந்த நிறமுள்ள மரத்தைக் கோப்பையாக்கிய இடங்களில் பெரும்பாலும் அதை மருந்தாக நினைத்துக் குடித்தார்கள். இது தற்செயலாக அமைந்ததன்று. மரத்தின் அழகுக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று, இழைகள் ஓடும் விதம். மற்றொன்று, அந்த இழைகளுக்குள் படிந்திருக்கும் வேதிப்பொருள். முதலாவது குடிகலத்துக்கு வலு சேர்க்கிறது. இரண்டாவது குடிக்கும் பானத்தில் இறங்கக்கூடியது. அலங்கார மரத்தில் கோப்பை கடைவது தகுமா என்ற கேள்விக்கு விடை, இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் இருக்கிறது.

மரத்தின் நிறம் எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். உயிருள்ள மரத்தில் வேரின் நீரை மேலே கொண்டுசெல்வது வெளிப்புற வெண்பகுதி. வயது ஏற ஏற உட்பகுதியின் செல்கள் இறக்கின்றன. இறப்பதற்கு முன் அவை துவர்ப்புப் பொருள்கள், பிசின்கள், குயினோன்கள், பலவகைப் பீனால் சேர்மங்கள் ஆகியவற்றை உருவாக்கிச் சுற்றிலும் படியவைக்கின்றன. இப்படிப் படிந்த பகுதியையே வயிரம் என்கிறோம். பூஞ்சைக்கும் கறையானுக்கும் எதிராக மரம் தனக்குத்தானே செய்துகொள்ளும் காப்பு அது. ஆகவே ஈட்டியின் கருஞ்சிவப்பும் தேக்கின் பொன்பழுப்பும் மரத்தின் மேல் பூசிய வண்ணம் அல்ல. ஓர் உயிர் தன்னைக் காத்துக்கொள்ளச் சேமித்த இரசாயனம். அதில் ஒரு பகுதி நீரில் கரையும் என்பதை நம் பக்கத்து மக்கள் நெடுங்காலமாக அறிவார்கள். கேரளத்தில் பதிமுகச் சீவலைப் போட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்புத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். அந்தச் சிவப்பு, பதிமுகத்தின் வயிரத்திலுள்ள பிரேசிலின் என்ற பொருளிலிருந்து வருவது. பலா வயிரத்தைக் கொதிக்கவைத்து எடுத்த மஞ்சள் சாயத்தில் பௌத்தத் துறவிகளின் ஆடைகள் தோய்க்கப்பட்டன. சாயப் பானையில் வேகமாக நடப்பது கோப்பையில் மெதுவாக நடக்கும். வெப்பம், நேரம், பானத்தின் புளிப்பு, அதிலுள்ள மதுச்சாரம் ஆகியவையே அந்த வேகத்தைத் தீர்மானிக்கின்றன.

கோப்பையின் நிறம் பானத்தில் இறங்குவதை உலகமே கண்டு வியந்த கதை ஒன்று உண்டு. செவில் நகர மருத்துவர் நிக்கோலாஸ் மொனார்தெஸ், மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு மரத்தைப் பற்றி 1565இல் எழுதினார். சிறுநீரக நோய்க்கு மருந்தாக விற்கப்பட்ட அந்த மரத்தை நீரில் ஊறவைத்தால் நீர் நீல ஒளி வீசியது. 1646இல் அத்தனாசியுஸ் கிர்ஷர் என்ற இயேசு சபைத் துறவி, அத்தகைய மரத்தில் செய்த கோப்பையில் ஊற்றிய நீர் நிறம் மாறுவதை விவரித்தார். 1664இல் ராபர்ட் பாயில் அந்த நீரில் அமிலத்தைச் சேர்த்தபோது நீலம் மறைவதையும், காரத்தைச் சேர்த்தபோது மீள்வதையும் பதிவுசெய்தார். இவ்வகை ஒளிர்வுக்கு இன்று வழங்கும் பெயரை ஜார்ஜ் ஸ்டோக்ஸ் சூட்டியது 1852இல். மரம் எது என்ற குழப்பம் 1915இல்தான் தெளிந்தது. வில்லியம் சாஃபோர்ட் என்ற தாவரவியலாளர் இரண்டு மரங்களைப் பிரித்துக் காட்டினார். ஒன்று மெக்சிகோவின் சிறுமரம். கோப்பைகள் கடையப்பட்டது பிலிப்பைன்ஸில் வளரும் நாரா என்ற மற்றொரு மரத்தில். நாரா நம் வேங்கையின் நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே பேரினம். மெக்சிகோ மரத்தைப் பொறுத்தவரை, ஒளிரும் சேர்மம் மரத்தில் அதே வடிவில் இருப்பதில்லை என்றும், மரத்திலிருந்து கரைந்த வேறொரு பொருள் நீரில் ஆக்சிஜனுடன் வினைபுரிந்து அதுவாகிறது என்றும் 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. கோப்பையிலிருந்து பானத்துக்குப் பொருள் இறங்குவதோடு, இறங்கிய பொருள் அங்கே மாறவும் செய்கிறது. மரத்தை மட்டும் சோதித்துவிட்டுப் பானத்தைப் பற்றிச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கரீபியத் தீவுகளின் குவாயக்கம் மரத்தின் வரலாறும் இதே திசையில் செல்கிறது. நீரில் மூழ்கும் அளவுக்கு அடர்ந்த, பிசின் நிறைந்த இந்த மரம் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேகநோய்க்கு மருந்து என்ற பெயரில் ஐரோப்பாவுக்குப் போனது. அதன் கஷாயத்தைப் புகழ்ந்து 1519இல் நூல் எழுதிய உல்ரிச் ஃபொன் ஹுட்டன் 1523இல் அந்த நோயாலேயே இறந்தார். ஆயினும் மரத்தின் புகழ் மங்கவில்லை. 'உயிர் மரம்' என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பண்டிகைக் காலத்து மதுவைப் பலரும் பகிர்ந்து குடிக்கும் பெரிய கிண்ணங்களை இந்த மரத்தில் கடைந்தார்கள். பச்சை கலந்த பழுப்பு நிறமும் எண்ணெய் பூசினாற்போன்ற பளபளப்பும் கொண்ட அக்கிண்ணங்கள் இன்று அருங்காட்சியகங்களின் பெருமை. அவற்றின் மதிப்புக்கு அழகு ஒரு காரணம். மரம் பானத்துக்கு நலம் தரும் என்ற நம்பிக்கை மற்றொரு காரணம். மலத்தில் கலந்த இரத்தத்தைக் கண்டறியும் சோதனைத் தாளில் பிற்காலத்தில் பயன்பட்டதும் இதே மரத்தின் பிசின்தான். வேதிவினைக்கு அவ்வளவு ஆயத்தமான பொருளைக் கொண்ட மரத்தை, எதோடும் வினைபுரியாத வெறும் பாத்திரம் என்று யாரும் கருத முடியாது.

நம் ஊரில் இந்தக் கேள்வி வேங்கைத் தம்ளரில் வந்து நிற்கிறது. இரவில் தண்ணீரை ஊற்றி வைத்து, காலையில் பழுப்பேறிய நீரைக் குடித்தால் சர்க்கரை நோய் கட்டுப்படும் என்று சொல்லி விற்கிறார்கள். இதில் உண்மையின் அம்சம் இல்லாமல் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மையங்களில் நடந்து 1998இல் வெளியான ஆய்வில், புதிதாக நோய் கண்டறியப்பட்ட 97 பேருக்கு வேங்கைச் சாறு கொடுக்கப்பட்டது. 12 வாரங்களில் 67 பேருக்கு இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. ஆனால் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது நாளொன்றுக்கு 2 முதல் 4 கிராம் வரை அளந்த சாறு; தம்ளரில் ஊறிய நீர் அன்று. ஒப்பிட்டுப் பார்க்க மருந்து தராத குழுவும் அந்த ஆய்வில் இல்லை. தம்ளரில் எவ்வளவு இறங்குகிறது என்பது மரத்தின் வயது, வெட்டிய பகுதி, நீரின் சூடு, ஊறிய நேரம் ஆகியவற்றைப் பொறுத்தது. நாள்பட்ட தம்ளர் நிறம் விடுவதும் குறைந்துகொண்டே போகும். அளவு தெரியாத மருந்தை நம்பி மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. 'தலைமுறை தலைமுறையாகக் குடிக்கிறோமே' என்று இதற்கு எதிர்வாதம் எழும். அந்த மரபு என் வாதத்துக்குத் துணையாகவே நிற்கிறது. முன்னோர் வேங்கைத் தம்ளரைத் தேர்ந்தது அதன் பொருள் நீரில் இறங்கும் என்று தெரிந்துதான். மருந்துப் பாத்திரமாக அது வந்ததை, அழகுப் பாத்திரமாக மாற்றி அதில் மோரும் காப்பியும் ஊற்றச் சொல்வதுதான் மரபுக்குப் புறம்பானது.

இனி மறுபக்கத்தைப் பார்க்கலாம். இடைக்கால இங்கிலாந்தில் மேசர் என்ற அகன்ற மரக்கிண்ணம் செல்வர் வீட்டிலும் மடாலயத்திலும் இருந்தது. கான்டர்பரி மடத்தின் 1328ஆம் ஆண்டுப் பொருள் பட்டியலில் மட்டும் 182 மேசர்கள் உள்ளன. அவை மேப்பிள் மரத்தின் முண்டிலிருந்து கடையப்பட்டு, விளிம்பில் வெள்ளி கட்டப்பட்டவை. 1545இல் மூழ்கி 1982இல் கரையேற்றப்பட்ட மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலில், மாலுமிகள் பயன்படுத்திய பீச் மரக் கிண்ணங்கள் கிடைத்தன. வட ஐரோப்பாவின் சாமி மக்கள் இன்றும் பிர்ச் மர முண்டில் குடைந்த கைப்பிடிக் கோப்பையை இடுப்பில் கட்டிக்கொண்டு போகிறார்கள். மேப்பிள், பீச், பிர்ச் மூன்றுக்கும் பொதுவான குணம் உண்டு. நீர் செல்லும் குழாய்கள் மிக நுண்ணியவை; மரமெங்கும் சீராகப் பரவியவை. வாசனையும் துவர்ப்பும் மிகக் குறைவு. ஓக் மரத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். சிவப்பு ஓக் குச்சி ஒன்றின் ஒரு முனையில் ஊதினால் மறுமுனையில் காற்று வரும். அவ்வளவு திறந்த குழாய்கள். வெள்ளை ஓக்கில் அக்குழாய்கள் உள்ளே அடைபட்டிருப்பதால்தான் மதுப் பீப்பாய்க்கு அதை எடுக்கிறார்கள். அதிலும் பீப்பாயின் சுவை மதுவில் ஏற வேண்டும் என்பதற்காகவே ஆண்டுக்கணக்கில் ஊறவிடுகிறார்கள். மதுவுக்குச் சுவையேற்றும் மரம் தண்ணீருக்கும் பாலுக்கும் சுவையேற்றாமல் விடாது.

மேசரும் அழகுக்காகவே முண்டில் கடையப்பட்டதல்லவா என்று கேட்கலாம். ஆம், என் வாதம் தங்கியிருக்கும் இடமும் அதுதான். மேப்பிள் முண்டின் அழகு சாயத்தால் வந்ததன்று. இழைகள் நேராக ஓடாமல் எல்லாத் திசையிலும் முறுக்கிப் பின்னிக் கிடப்பதால் ஒளி அங்கங்கே வேறுவேறாகத் தெறிக்கிறது. அதே பின்னல்தான் கிண்ணம் பிளக்காமலும், குழாய்கள் உள்ளிருந்து வெளியே நேர்வழி பெறாமலும் காக்கிறது. கண்ணுக்கு அழகாயிருப்பதும் கலத்துக்குப் பலமாயிருப்பதும் இங்கே ஒன்றே. ஆகவே அலங்கார மரமே வேண்டாம் என்பதன்று நான் சொல்வது. எந்த அழகு என்று கேட்கச் சொல்கிறேன். ஹவாய்த் தீவுகளின் அனுபவம் இந்த வேறுபாட்டைக் கூர்மையாக்குகிறது. அங்கே மிக அழகிய மரமாகப் போற்றப்படுவது கோவா என்னும் அகேசியா இன மரம். படகுக்கு அதுவே முதல் தேர்வு. உணவுக் கிண்ணத்துக்கு மட்டும் அதைத் தவிர்த்தார்கள், கசப்பு ஏறும் என்பதால். கிண்ணத்துக்குக் கோவ் என்ற வேறொரு மரத்தையும், நம் கடற்கரைகளில் நிற்கும் பூவரசையும் புன்னையையும் எடுத்தார்கள். பூவரசின் வயிரத்துக்கும் நிறம் உண்டு. எனவே நிறம் இருந்தாலே குற்றம் என்று முடிவு கட்டிவிடலாகாது. நிறம் ஓர் எச்சரிக்கை. தீர்ப்பு சொல்ல வேண்டியது ஊறவைத்த நீரும் நாக்கும்.

மரத்தைத் தேர்ந்த பிறகு வெட்டும் திசை முக்கியம். ஈரம் குறையும்போது மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதில்லை. ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்குவது ஆரவாக்கில் சுருங்குவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. நடுத்தண்டைச் சேர்த்துக் கடைந்த கோப்பை வெடிப்பதற்கு இதுவே காரணம். அதனால்தான் கடைசல்காரர்கள் பச்சை மரத்தில் தடித்த வடிவை முதலில் கடைந்து, மாதக்கணக்கில் நிழலில் உலரவிட்டு, கோணிய பிறகு மீண்டும் கடைந்து மெல்லியதாக்குகிறார்கள். ஆழமான தம்ளரில் மற்றொரு சிக்கல் உண்டு. கிளையை நெடுக்காக நிறுத்திக் குடைந்தால் அடிப்பகுதியில் எல்லாக் குழாய்களும் கீழ்நோக்கித் திறந்திருக்கும். பானம் அவற்றின் வழியே கசியும். ஐரோப்பியர் பலகையைக் குறுக்குவாட்டில் வைத்து ஆழமில்லாத கிண்ணம் கடைந்ததும், ஸ்காட்லாந்தில் குவெய்க் என்ற கோப்பையைச் சிறு பட்டைகளைச் சேர்த்துப் பீப்பாய்போல் கட்டியதும் இச்சிக்கலுக்கு விடைகளே. குவெய்க்கில் வெளிர்நிறப் பட்டையும் கருநிறப் பட்டையும் மாறிமாறி வரும். கட்டும் முறையே அங்கே அழகாகிறது. இங்கிலாந்தின் பக்கிள்பரியில் மிதிகடைசலில் கிண்ணம் கடைந்த ஜார்ஜ் லெய்லி 1958இல் மறைந்தபோது இத்தகைய அறிவு அறுபட்டுப்போகும் நிலை வந்தது. ராபின் உட் என்ற கைவினைஞர் பழைய கருவிகளையும் அகழ்வில் கிடைத்த கிண்ணங்களையும் ஆராய்ந்து அதை மீட்டார். எந்த மரத்தை எந்தத் திசையில் வெட்டுவது என்பது, ஒருமுறை மறந்தால் மறுபடி தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய அறிவு என்பதை அவர் உழைப்பு காட்டுகிறது.

மேலே ஒரு பூச்சுப் பூசிவிட்டால் எந்த மரமும் குடிக்கத் தகுந்ததாகிவிடாதா என்பது வலுவான ஆட்சேபம். பூச்சுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். சூடான காப்பி அதை உருக்கியெடுக்கும். சன்னப்பட்டணப் பொம்மைகளுக்கு மெருகேற்றும் அரக்கு சூட்டில் இளகும், மதுச்சாரத்தில் கரையும். பொம்மைக்கு உகந்தது கோப்பைக்கு உகந்ததாகாது. ஆளிவிதை எண்ணெயும் அக்ரூட் எண்ணெயும் காற்றோடு வினைபுரிந்து இறுக வாரங்கள் ஆகும்; இறுகிய பிறகும் நீரை முழுதாகத் தடுப்பதில்லை. அறைச் சூட்டில் இறுகும் எப்பாக்சி பிசின்களில் பல, கொதிக்கும் பானத்தின் வெப்பத்தில் மென்மையாகிவிடும். காலத்தின் சோதனையில் உறுதியாக நின்றது ஜப்பானின் உருஷி என்ற மரப்பால். ஈரக் காற்றில் நொதியின் துணையால் இறுகும் அது சூட்டையும் புளிப்பையும் மதுவையும் தாங்கும். வஜிமா ஊரின் கிண்ணங்கள் கெயாகி என்ற அழகிய இழையோட்டமுள்ள மரத்தில் கடையப்பட்டாலும், சுட்ட மண்தூள் கலந்த அடிப்பூச்சுகளின் கீழ் அந்த அழகு முற்றிலும் மறைந்துவிடுகிறது. இன்கா மக்களின் கேரோ கோப்பைகளிலும் கண்ணைக் கவர்வது மரத்தின் நிறமன்று. பிசினில் நிறமி கலந்து பதித்த சித்திரங்களே. உறுதியான காப்பு வேண்டுமென்றால் மரத்தின் நிறத்தை மூட வேண்டியிருக்கிறது. நிறம் தெரிய மெல்லிய பூச்சிட்டால் அது உதடு படும் விளிம்பில்தான் முதலில் தேய்கிறது. இரண்டு வழியிலும் விலையுயர்ந்த நிறமரத்தைத் தேர்ந்ததன் பயன் கைநழுவுகிறது.

வயிரம் பாய்ந்த மரம் மக்காது, கிருமியும் அண்டாது என்பது மற்றொரு வாதம். மண்ணில் நடும் தூணுக்கு அந்தக் குணம் தேவை. கழுவித் துடைத்து உலரவைக்கும் கோப்பைக்கு அது தேவையில்லை. மேசர்கள் பல நூற்றாண்டுகள் தாண்டி நிற்பதே சாட்சி. கிருமியைப் பொறுத்தவரை, டீன் கிளிவர் குழு 1994இல் வெளியிட்ட ஆய்வில், மர வெட்டுப் பலகையில் இட்ட நுண்ணுயிர்கள் உள்ளிழுக்கப்பட்டு, மேற்பரப்பிலிருந்து மீட்டெடுப்பது கடினமானது தெரியவந்தது. மரம் அழுக்கானது என்ற அச்சத்தை அது தணிக்கிறது. ஆனாலும் பலகையில் கண்டதைத் தினமும் பால் நிற்கும் கோப்பைக்கு அப்படியே பொருத்த முடியாது. எவர்சில்வர் இருக்க மரம் எதற்கு என்று கேட்போரும் உண்டு. எவர்சில்வர் மரத்தைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. மரக்கோப்பையில் சூடான பானம் விரலைச் சுடாது. பனிநாட்டில் உதடு ஒட்டிக்கொள்ளாது. இந்தப் பயன் வெளிறிய மரத்திலும் முழுமையாகக் கிடைக்கிறது. அதற்காக ஈட்டியை வெட்ட வேண்டியதில்லை.

குடிப்பவருக்கு மட்டுமல்ல, கடைபவருக்கும் காட்டுக்கும் இதில் பங்குண்டு. ஈட்டி இனங்களின் தூளிலுள்ள டால்பெர்ஜியோன்கள் கடுமையான தோல் ஒவ்வாமையை உண்டாக்குகின்றன. மரத்தூள் எதுவாயினும் மூக்குப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வகைப்படுத்தியது. பீச் போன்ற வெளிறிய மரமும் அதற்கு விலக்கில்லை. எந்த மரமானாலும் கடைசல் பட்டறைக்குத் தூசி உறிஞ்சியும் முகக்கவசமும் கட்டாயம். ஈட்டிப் பேரினம் முழுவதும் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஈட்டி மரப் பாதுகாப்புக்கென 1994இல் தனிச் சட்டமே வந்தது. வேங்கை, அழிவு அச்சத்தை நெருங்கும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. கோப்பை சிறிய பொருள், அதனால் என்ன குறைந்துவிடும் என்பார்கள். கோப்பை கடையும்போது கட்டையின் பெரும்பகுதி சீவலாகவே விழுகிறது. கையில் மிஞ்சுவது மெல்லிய சுவர் மட்டும். நூறாண்டு வளர்ந்த வயிரத்தைச் சீவலாக்க, அதன் நிறம் போதுமான காரணமாகாது.

நமக்கு வழி இல்லாமல் இல்லை. சன்னப்பட்டணத்தார் கடையும் வெட்பாலை, தந்தம்போல் வெளிறிய, நுண்ணிழை கொண்ட மரம். பூவரசும் புன்னையும் கிண்ண மரங்களாக வேறொரு கடலோரத்தில் தேறியவை. கடைசல் தெரிந்த கைகள் அம்பாசமுத்திரத்தில் உண்டு. ஊறுகாயும் உப்பும் வைத்த மரவை நம் சமையலறைகளில் புழங்கியதுதான். இம்மரங்களைப் பானத்தில் ஊறவைத்து, இறங்குவது எது, எவ்வளவு என்று ஆய்வகத்தில் அளந்து, மரத்தின் பெயரையும் பூச்சின் பெயரையும் எழுதி விற்கும் ஒழுங்கு வர வேண்டும். வேங்கைத் தம்ளர் வேண்டுமென்றால் அது மருந்துப் பொருளுக்குரிய எச்சரிக்கையோடு விற்கப்படட்டும். ஈட்டியும் கருங்காலியும் பானம் படாத கலைப்பொருளாகட்டும். வாங்குபவர் செய்ய வேண்டியது இரண்டே. வெந்நீர் ஊற்றி ஓர் இரவு வைத்து, நிறமும் துவர்ப்பும் மாறுகின்றனவா என்று பார்ப்பது. இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்பது. இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லத் தெரிந்த கடைசல்காரருக்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயம். அந்த விலை அவர் அறிவுக்கு உரியது. மரத்தின் நிறத்துக்கு உரியதன்று.